கேக்குதா என்று கேட்கக் கூடாது

எங்கள் இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று ஒரு பட்டியல் எழுதி, பேட்டரி வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் படாது. கதவைத் திறக்கும் எங்களுக்கு மட்டும் தெரியும். முதல் வார்த்தை ‘செவிடு’. அதை எங்களில் யாரும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் பட்டியல் என்றால் தொடக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது, ‘வயசானா அப்படித்தான்’. மூன்றாவது, ‘இந்தக் காது போயிருச்சு’. நான்காவது, ‘கேக்குதா?’

நான்காவதைப் படித்துவிட்டு எங்கள் முதலாளி சிரித்தார்.

“காது மிஷின் விக்கிற எடத்துல கேக்குதான்னு கேக்காம வேற என்னத்தம்மா கேக்குறது?”

கேக்குதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கேட்காதவர்கள் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள் என்று சொன்னேன். அதற்குப் பதிலாக, பதில் சொல்லியே ஆகவேண்டிய எதையாவது கேட்க வேண்டும். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்கலாம். பஸ் பெயர் வந்தால் காதில் விழுந்திருக்கிறது. ‘ஆமா ஆமா’ என்று வந்தால் விழவில்லை. சார் யோசித்துவிட்டு, “படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளதான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல மாதம் ஓட்டினேன்.

நான் ஆடியோலஜி படித்தவள். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, அதற்கேற்ற மிஷினைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. சென்னையில் நான்கு வருடம் படித்துவிட்டுச் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தேன். எங்கள் இடம் முதல் மாடியில் இருக்கிறது. கீழே உரக்கடை. படியேறும்போதே உர வாசனையும் கூடவே ஏறி வரும். மேலே முன்பக்கம் வரவேற்பு மேசை. அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட சின்ன அறை. அதற்கும் உள்ளே சத்தம் புகாத சோதனை அறை. அதன் கதவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு.

சோதனை செய்வதை யாருக்கும் ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம் என்பது என் எண்ணம். நான்கு வருடப் படிப்பு அந்த நடு அறைக்குத்தான். அதைப் பேச்சு அறை என்போம். சோதனை முடிந்தவரை எதிரில் உட்காரவைத்து, அவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை, மிஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லும் இருபது நிமிடம். ஒருவர் மிஷினைக் காதில் போடுவாரா, பீரோவில் போடுவாரா என்பது அங்கேதான் முடிவாகிறது. ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அப்படித் திரும்பி வந்த பெட்டிகளை சார் தன் மேசை ஓரத்தில் அடுக்கி வைப்பார். எதுவும் சொல்ல மாட்டார். அடுக்கி மட்டும் வைப்பார்.

போன வைகாசியில் வரவேற்பு மேசைக்கு ஓர் அக்கா வேலைக்கு வந்தார். சின்னாளப்பட்டி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருந்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் நூல் மில்லுக்குப் போனவர், பத்து வருடத்துக்குமேல் அங்கேயே இருந்துவிட்டு, கால்வலி என்று நின்றவர். இதை எழுதும்போது ‘அவர்’ என்று மரியாதையாக வருகிறது. அந்த மாதங்களில் என் மனதுக்குள் ‘அவள்’ என்றுதான் ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வந்த இரண்டாவது வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர். சோதனை முடிந்து பேச்சு அறையில் அவரிடம், “அய்யா, மெல்லிசான சத்தம், கூர்மையான சத்தமெல்லாம் உங்களுக்குக் கொறச்சலாத்தான் வருது” என்று, படம் போட்ட அட்டையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு, கோப்பைக் கொடுக்க வந்து வாசலில் நின்ற அக்கா பக்கம் நாற்காலியோடு திரும்பிக்கொண்டார்.

“இந்தப் பிள்ள என்னத்தா சொல்லுது?”

அக்கா உள்ளே வந்து அவருடைய முழங்கையை லேசாகத் தொட்டார். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை பேசவில்லை.

“அப்பு. கோயில் மணி. வருதா?”

“அது நல்லா வரும்.”

“குருவி?”

“குருவியா? அதுக இப்ப எங்கத்தா இருக்குக. எல்லாம் போயிருச்சு.”

“இருக்கு அப்பு. ஒங்க தோப்புல இன்னும் இருக்கு. ஒங்களுக்குத்தான் வரல.”

பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப இம்புட்டு நாளா குருவி மேலேயா பழியப் போட்டேன்?” என்றார். மிஷினை அன்றைக்கே மாட்டிக்கொண்டு போனார். என் அட்டை மேசையில் இருந்தது. அதை வரைய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளை இல்லையா? அந்தப் பிள்ளை வரட்டும், செத்த நேரம் இருக்கேன். நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரம்மா ஒருவர் அக்காவுக்கு மட்டும் ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்தார். அக்கா அதைப் பாதி கிள்ளி என் மேசையில் வைத்தார். நான் வைத்துக்கொள்ளவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

வீட்டில் அம்மா ஒருநாள், “யாருடி அவ? ஆபீஸ்ல நாலு பேர் இருக்காங்க, தெனமும் அவளப் பத்தியே பேசுற” என்றாள். மொத்தமே மூன்று பேர்தான் என்று திருத்தினேன்.

ஆடி மாதத் தொடக்கத்தில் சார் என்னைக் கூப்பிட்டார். மேசை ஓரத்தில் நான்கு பெட்டிகள் இருந்தன. நான்கும் நான் பேசிக் கொடுத்தவை.

“ஒன்னும் தப்பா எடுத்துக்காதம்மா. டெஸ்ட்டு நீ பாக்குற மாதிரி இந்த ஊர்ல யாரும் பாக்க முடியாது. ஆனா பேச்ச மட்டும் அந்தப் பிள்ளைகிட்ட விட்டா என்ன? கஸ்டமருக்கும் அதான் பிடிக்குது.”

நான் பேஷன்ட் என்பேன், அவர் கஸ்டமர் என்பார். அது எங்களுக்குள் பழைய வழக்கு. அன்று நான் திருத்தவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் சார்” என்று மட்டும் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேச்சு அறை போய்விட்டால், பாட்டுப் பெட்டிக்குப் பொத்தான் அமுக்குகிறவளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்பது மட்டும் உள்ளே திரும்பத் திரும்ப ஓடியது.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு நோட்டு வாங்கி அக்கா பேசுவதைக் குறித்துக்கொண்டேன். சோதனை அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் வரவேற்பு மேசைப் பேச்சு நன்றாக வரும். பத்து நாளில் இரண்டு பக்கம் நிறைந்தது. ஆண்களை ‘அப்பு’ என்கிறார், வயதான பெண்களை ‘ஆத்தா’ என்கிறார், முழங்கையைத் தொடுகிறார், ‘மிஷின்’ என்கிறாரே தவிர ‘கருவி’ என்பதில்லை, சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிறார். இதுதான் ரகசியம் என்று முடிவு செய்தேன். இனிப்பாகப் பேசுகிறார், முறை வைத்துப் பேசுகிறார். எனக்கும் வாய் இருக்கிறது. நானும் பேசலாம்.

மறுநாள் வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஊருக்குள்ளேயே ஒரு கன்னியர் பள்ளியில் முப்பது வருடத்துக்குமேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கையில் மடித்த குடை. மகள் கூட வந்திருந்தாள். பேச்சு அறையில் நான் அவர் முழங்கையைத் தொட்டு, “என்னத்தா, மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம்?” என்றேன்.

டீச்சர் முழங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டீச்சர்னு கூப்பிட்டாப் போதும்மா.”

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நான் நோட்டை மனதுக்குள் மூடிவிட்டு நேராக வேலைக்கு வந்தேன். மிஷினை மாட்டக் கற்றுக்கொடுக்கும் முன், அது இல்லாமல்தான் சில விஷயங்களைச் சொல்லவேண்டி இருக்கும்.

“டீச்சர், இதுல ஈரம் படக் கூடாது.”

“நேரமா? காலையில இருந்து போட்டுக்கிறேன்.”

“நேரம் இல்ல டீச்சர். ஈரம்.”

“அதான்மா. எத்தன நேரம்?”

“ஈரம்,” என்றேன் இன்னும் உரக்க. “ஈ... ரம்.”

நான்காவது முறை சொன்னபோது கீழே உரக்கடையில் யாரோ பேச்சை நிறுத்தியது எனக்கே தெரிந்தது. டீச்சர் குடையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றார்.

“ஏம்மா இப்படிக் கத்துற? நான் என்ன செவிடா?”

என் பட்டியலின் முதல் வார்த்தை. அதுவரை எங்கள் இடத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. நான் சொல்லவில்லை, சொல்ல வைத்துவிட்டேன்.

அக்கா ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தார். டீச்சர் அவரைப் பார்த்ததும், அக்கா மேசையில் இருந்த மிஷினைக் காட்டி, “டீச்சர். இதுக்குத் தண்ணி ஆகாது” என்றார். டீச்சர் உட்கார்ந்தார். “அப்படிச் சொல்ல வேண்டியதுதானே. குளிக்கிறப்ப எடுத்து வச்சிரணும், அவ்வளவுதானே” என்று தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்ததும், மறுபடி உள்ளே போனதும் எனக்குத் தெரிந்தது. அக்கா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் அவர் வழக்கம்போல, “வெஞ்சனம் என்ன பாப்பா?” என்றார். முட்டைக்கோஸ் பொரியல் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“டீச்சருக்கு ஈரம்னா விழல. தண்ணின்னா விழுந்துச்சு. எப்படிக்கா தெரியும் உங்களுக்கு?”

“தெரியாது பாப்பா. ஈரம் போகலேல்ல, அதான் வேற எடுத்தேன்.”

“வேறன்னா?”

“வேற வார்த்த.” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “மில்லுல நான் சைடு பாத்தேன். அறுந்த நூல ஒட்டிக்கிட்டே நடக்கணும். ஓடுற மிஷினுக்கு நடுவுல பக்கத்துல நிக்கிறவ பேசுறது ஒன்னும் விழாது. அங்க ஒரு வார்த்த போகலேன்னா அது போகாதுதான். அதையே கத்துனா தொண்டதான் போகும். அத விட்டுட்டு வேற ஒன்னு எடுக்கணும். அதுவும் போகலேன்னா இன்னொன்னு. எதாச்சும் ஒன்னு போகும்.”

“மொதல்ல தொடுறீங்களே?”

“பாக்காதவகிட்ட பேசி என்ன பண்ண?”

“அப்ப இந்த அப்பு, ஆத்தாவெல்லாம்?”

“அது சும்மா வாயில வர்றது. டீச்சர ஆத்தான்னா சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் சிரித்தார். “அவங்க கணக்குப் போடச் சொல்லாம விட்டாங்களே.”

நானும் சிரித்தேன். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைப் பாதியில் மூடினேன். இது என் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கேட்கும் திறன் குறைந்தவரிடம் பேசும்போது அதே சொல்லை உரக்கச் சொல்லாதீர்கள். மாற்றுச் சொல்லால் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் வந்த கேள்வி. நான் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். எந்தெந்த ஒலிகள் முதலில் மறைந்துபோகும் என்று பட்டியலே போட்டிருந்தேன். கூரான ஒலிகள் போய்விடும். ம, ண, ன, வ எல்லாம் கடைசிவரை நிற்கும். மணி, தண்ணி, வெஞ்சனம். அக்கா எடுத்த வார்த்தைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் என் பதில்தாளே எழுந்து நடமாடுவதுபோல இருந்தது. அவர் அழகாக இருந்திருந்தால், பொய் சொல்லி விற்றிருந்தால், எனக்கு இத்தனை எரிந்திருக்காது. என் படிப்பை, அது படிப்பு என்றே தெரியாமல், அவர் வாயில் வைத்திருந்தார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது அது நடந்தது.

சோதனை அறையில் கதவைத் திறந்துவைத்துக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மெல்லிய, கூரான விசில் சத்தம் ஒன்று விடாமல் வந்தது. மிஷினை அணைக்காமல் மூடி வைத்தால் அப்படி விசிலடிக்கும். யாராவது நிறுத்துவார்கள் என்று இருந்தேன். நிற்கவில்லை. எழுந்து வந்து பார்த்தேன். வரவேற்பு மேசையின் மேல் இழுப்பறைக்குள்தான் அது இருந்தது. அக்கா அந்த இழுப்பறை மேலேயே முழங்கையை ஊன்றி, நாளைக்கு வருகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் அந்தச் சத்தத்துக்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

“அக்கா” என்றேன் பின்னால் இருந்து. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மற்றவை ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவார். ‘எனக்குப் போன்ல பேச வராது பாப்பா, நீங்க பேசுங்க’ என்பார். ஒரு விஷயத்திலாவது நான் மேல் என்று நினைத்து வாங்கிப் பேசியிருக்கிறேன். எதிரே நின்றுதான் பேசுவார். பேசுகிறவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அது அன்பு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மில்லில் காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்வீர்களா என்று முன்பு ஒருமுறை கேட்டதற்கு, ‘குடுப்பாங்க, வெச்சா வேர்க்கும்னு நாங்கதான் வெக்கிறதில்ல’ என்று சொல்லியிருந்தார்.

முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். கேட்காத ஒருவரைப் பேச்சு அறையில் உட்காரவைக்கலாமா சார் என்ற வாக்கியம், எழுவாய் பயனிலையோடு, ஒரு பிழையும் இல்லாமல் என் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும். நாற்காலி எனக்குத்தான். அக்கறையோடு சொல்வதுபோலவும் இருக்கும். இரண்டு நாள் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், வந்தேன். இரண்டு முறை சார் அறை வாசல்வரை போனேன். இரண்டாவது முறை சார் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

சொல்லாமல் விட்டது நல்ல மனதால் என்று எழுத ஆசைதான். ஆனால் காரணம் வேறு. அளக்காமல் ஒருவருடைய காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம்.

தினமும் காலையில் யாரையாவது உட்காரவைத்து மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உண்டு. வழக்கமாக நானே உட்காருவேன். மூன்றாம் நாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டேன்.

“மிஷின் செக் பண்ணணும்க்கா. செத்த உக்காருங்க. சத்தம் வந்தா பொத்தான அமுக்குங்க.”

உட்கார்ந்தார். தடித்த, தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் பொத்தான் டக் டக்கென்று அமுங்கியது. கூரான ஒலிகளுக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றது. கூட்டினேன். நின்றது. இன்னும் கூட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் என் கையைப் பார்க்க முயல்வது தெரிந்தது. எப்போது அமுக்க வேண்டும் என்று என் கையிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்த்தார். நான் கையை மறைத்துக்கொண்டேன். காகிதத்தில் கோடு நேராக வந்து, ஓர் இடத்தில் கிணற்றில் இறங்குவதுபோல இறங்கியது. சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் கோடு. புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே இருந்தது. இரண்டு காதும்.

வெளியே வந்து பேச்சு அறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவர் என் வாயைப் பார்த்தார்.

“மிஷின் நல்லாருக்கா பாப்பா?”

“மிஷின் நல்லாருக்குக்கா.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து எத்தனையோ கோடுகளைக் கோப்பில் வைத்தவர்.

“அப்ப நாந்தானா.”

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது, சொல்லக் கூடாதவை. இன்னொன்று இருந்தது, அவரிடமிருந்து திருடியது. இரண்டிலும் அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. “கூர்மையான சத்தம்...” என்று ஆரம்பித்தேன். அவர் நெற்றி சுருங்கியது. அந்த வார்த்தையை விட்டேன்.

“குக்கர்க்கா. எத்தன விசிலுன்னு எப்படித் தெரியும்?”

“மக சொல்லுவா.”

“அவ பள்ளிக்கூடம் போயிட்டா?”

“மூடிய ஆவி தள்ளுறதப் பாத்து நிப்பாட்டுவேன்.” காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் குக்கர்தான் பழசாப் போச்சுன்னு நெனச்சேன் பாப்பா. ஆத்தூர் அப்பு குருவி மேல பழியப் போட்ட மாதிரி” என்றார். அழவில்லை. காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

“இத சார்கிட்டச் சொல்லணுமா?”

என் எழுவாய் பயனிலை வாக்கியம் அப்போதும் அங்கேதான் இருந்தது. சொல்லணும் என்று ஒரு தலையாட்டல் போதும். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது.

“உங்க காதுக்கா. நீங்க சொன்னா சொல்றது, சொல்லலேன்னா இல்ல. ஆனா மிஷின் வேணும். ரெண்டுக்கும்.”

அவர் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, நேராக சார் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. என்ன வார்த்தை எடுப்பார் என்று கேட்க எனக்குள் இருந்த ஆவலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“சார். எனக்கும் காது கொஞ்சம் கம்மிதானாம். பாப்பா பாத்துச் சொல்லுச்சு. நம்ம மிஷினையே போட்டுக்கிறேன். வாரவங்க ‘நீ போட்டிருக்கியா’ன்னுதான் மொதல்ல கேக்குறாங்க. இனிமே ஆமான்னு சொல்லலாம்ல.”

சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கவலை வந்ததையும், அது பாதியிலேயே வேறு ஒன்றாக மாறியதையும் வாசலிலிருந்து பார்த்தேன். வியாபாரம் தெரிந்தவர்.

“அப்ப பேச்சு ரூமுக்கு நீதாம்மா” என்றார்.

அக்காவுக்கு மிஷினைப் பொருத்தியது நான்தான். அந்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். ஒவ்வோர் ஒலியாக ஏற்றி, இறக்கி, முடிக்குள் மறையும்படி மாட்டிவிட்டு, “எந்த பஸ்ஸுல வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த காகிதத்தை விரலால் நகர்த்தி அதன் சரசரப்பைக் கேட்டார். மறுபடியும் நகர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா. ஒங்க குரலு இம்புட்டுக் கூரா?”

“நல்லா இல்லையாக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளும் பாதிதான் வந்துச்சுபோல. மீதிய நானாப் போட்டுக்கிட்டேன்.”

அவராகப் போட்டுக்கொண்ட மீதி எப்படி இருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கணக்கு டீச்சர் ஒரு மாதம் முடிந்து, பெட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளே வேறொருவருக்குச் சோதனை இருந்தது. கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. கைக்குட்டைக் கண்ணாடி வழியாகப் பேச்சு அறை தெரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

அக்கா டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார், என் பழைய நாற்காலியில். டீச்சர் பெட்டியை மேசையில் தள்ளினார். அக்கா அதைத் தொடவில்லை. காதோரத்து முடியை ஒதுக்கித் தலையைச் சாய்த்துக் காட்டினார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார், பள்ளிக்கூடத்தில் நோட்டைப் பார்ப்பதுபோல. அக்கா ஏதோ சொன்னார். ஒரே வார்த்தை. உதடு இரண்டு முறை மூடித் திறந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்து, வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நான் கண்ணாடியோடு ஒட்டி நின்று அந்த உதட்டைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். ம-வா, வ-வா, ப-வா? உள்ளே என் பேஷன்ட் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

டீச்சர் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சார் மேசை ஓரம் அன்று காலியாகவே இருந்தது.

சாயங்காலம் கதவுகளைச் சாத்தும்போது அக்காவிடம் கேட்டேன்.

“டீச்சர்கிட்ட என்ன சொன்னீங்க? முடிய ஒதுக்கிக் காமிச்சீங்களே, அப்ப.”

அவர் யோசித்தார். “ஞாபகம் இல்லையே பாப்பா. என்னமோ சொன்னேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “ஏன், கேக்கலையா?”

கதவு சாத்தியிருந்தது என்று சொன்னேன்.